செம்பு மண்வெட்டியால் புல்லுப் பிடுங்குவது எப்படி?

ஓய்வூதியம் கைக்கு வந்து, பிள்ளைகள் கொழும்பிலோ கட்டாரிலோ குடியேறி, சுபஹுக்கும் லுஹருக்கும் இடையில் நேரம் சும்மா கிடக்கிற ஆண்களுக்காக எழுதப்பட்ட வழிகாட்டி இது. மருதமுனையிலிருந்து அக்கரைப்பற்று வரைக்கும் எந்த ஊரிலும் இப்படிப் பத்துப் பேரைக் காட்டலாம். அவர்களில் சிலருக்கு இயற்கைத் தோட்டத்தில் ஆசை வரும். ஆசை வந்தவர்களில் சிலர் அதை விளங்கிக்கொள்ளத் தொலைபேசியில் வீடியோ பார்ப்பார்கள். பார்த்தவர்களில் ஒருவருக்காவது, வெள்ளைக்காரர் ஒருவர் தகதகக்கும் செம்புக் கருவியால் களை கொத்துகிற காட்சி கண்ணில் படும். அந்த ஒருவர் நீங்கள் என்றால், கீழே உள்ள படிகளை வரிசை தவறாமல் பின்பற்றவும்.

படி 1: வளவு யாருடையது என்று பாருங்கள்

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குச் சீதனமாகப் போவது. நீங்கள் அந்த வீட்டில் பேரப்பிள்ளை கண்டுவிட்டாலும் உறுதியில் இருப்பது மனைவியின் பெயர். அதற்கு முன் இருந்தது மாமியின் பெயர். பத்துப் பேர்ச் வளவில் எந்த மூலையில் கறிவேப்பிலை வேர் ஓடுகிறது, எந்த இடத்தில் மாரிக்கு வல்லாரை தலை நீட்டும் என்பதெல்லாம் மாமிக்கு மனப்பாடம். நீங்கள் அறிந்தது மோட்டார் சைக்கிள் நிறுத்தும் இடம் மட்டும். இந்த உண்மையை ஏற்றுக்கொள்ளாமல் அடுத்த படிக்குப் போக வேண்டாம்.

படி 2: தத்துவத்தைப் பாடமாக்குங்கள்

செம்பு மண்வெட்டி வாங்குகிறவரிடம் ஊரே காரணம் கேட்கும். பள்ளிவாசல் திண்ணையில் சொல்லத் தயாராக ஒரு பெயர் வேண்டும். விக்டர் ஷௌபேர்கர் என்று சொல்லுங்கள். 1885இல் பிறந்து 1958இல் இறந்த ஒஸ்திரிய நாட்டு வனக்காவலர். தண்ணீர் ஓடும் விதத்தைக் காட்டிலேயே பார்த்துப் பழகி, மரக்குற்றிகளை நீரோட்டத்தில் இறக்கும் வாய்க்கால்களைத் திறமையாகக் கட்டியவர். அத்தோடு நின்றிருந்தால் உங்களுக்குச் சிக்கல் இல்லை. இரும்புக் கலப்பை மண்ணின் காந்தத்தைக் குலைக்கிறது, ஈரத்தை உறிஞ்சிவிடுகிறது, செம்புக் கலப்பைதான் மண்ணுக்கு உகந்தது என்றும் அவர் சொன்னார். 1940களின் இறுதியில் சால்ஸ்பேர்க் பக்கத்து வயல்களில் செம்புத் தகடு போர்த்திய கலப்பையை ஓட்டிப் பார்த்தார்கள். விளைச்சல் கூடியது என்று அவருடைய ஆட்கள் சொன்னார்கள். வேறு யாரும் அதை முறையாகச் செய்து உறுதிப்படுத்தவில்லை. ஆனாலும் ஒஸ்திரியாவில் அவர் கருத்தைப் பின்பற்றி இன்றைக்கும் வெண்கலத் தோட்டக் கருவிகள் செய்து விற்கிறார்கள்.

காந்தம் பற்றி யாராவது மடக்கினால் பேச்சை மாற்றிவிடுங்கள். ஏனென்றால் இலங்கையில் செம்புத் தாது அறியப்பட்ட இடம் நமது மாகாணத்திலேயே, திருகோணமலை மாவட்டத்துச் சேருவிலப் பக்கம் இருக்கிறது. 1971இல் கண்டுபிடித்தார்கள். அங்கே செம்பு தனியாகக் கிடக்கவில்லை. காந்த இரும்புத் தாதுவோடு ஒரே பாறையில் கலந்து கிடக்கிறது. இரும்போடு சேர்ந்தால் கெட்டுவிடும் என்று செம்புக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை போலும்.

படி 3: கருவியைத் தெரிவுசெய்யுங்கள்

சுத்தச் செம்பு மெது உலோகம். கனிமங்களின் கடினத்தை ஒன்றிலிருந்து பத்து வரை அளக்கும் மோஸ் அளவுகோலில் செம்பு 3, இரும்பு ஏறத்தாழ 4, நமது கடற்கரை மணலில் நிறைந்திருக்கும் படிகக்கல் 7. அதாவது நீங்கள் மண்ணைச் சுரண்டுவதாக நினைக்கும்போது மண் உங்கள் கருவியைச் சுரண்டிக்கொண்டிருக்கும். அதனால் செம்போடு கொஞ்சம் வெள்ளீயம் கலந்து வெண்கலமாக்கி விற்கிறார்கள். வெண்கலம் செம்பைவிடக் கடினம், நல்ல உருக்கைவிட மெது. பாரத்தில் மட்டும் செம்பு தோற்காது. ஒரே அளவான இரும்பைவிட ஏழில் ஒரு பங்கு கூடுதல் கனம். விலையில் அதைவிடவும் தோற்காது.

உள்ளூரிலேயே அடித்துக்கொள்ளலாம் என்று கொல்லன் பட்டறைக்குப் போனால், அவர் தகட்டைக் கையில் வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்ப்பார். "இது தட்டாருட வேல, சேர். காப்பு செய்யப்போறீங்களா?" என்பார். கோபிக்க வேண்டாம். அவருடைய கருத்துக்குப் பின்னால் நீண்ட சரித்திரம் இருக்கிறது. 1900ஐ அண்டிய ஆண்டுகளில் தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ தாமிரபரணிக் கரையில் ஆதிச்சநல்லூரைத் தோண்டியபோது, மிருக உருவங்கள் வைத்த அழகான வெண்கலப் பாத்திரங்கள் கிடைத்தன. ஆயுதங்களும் கருவிகளும் இரும்பில் கிடைத்தன. இரண்டு உலோகமும் கையில் இருந்த மக்கள் எதை எதற்கு வைத்தார்கள் என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை. பிற்காலத்து அரசர்களும் அப்படித்தான். நிலத்தைத் தானம் கொடுத்ததைச் செப்பேட்டில் வெட்டினார்கள். தானம் வாங்கியவர் அந்த நிலத்தை இரும்புக் கொழுவால் உழுதார்.

படி 4: களை எது, கறி எது என்று பிரித்தறியுங்கள்

இதுதான் கஷ்டமான படி. புதிதாகத் தோட்டம் தொடங்குகிற ஆணுக்கு, தான் நடாத பச்சை எல்லாம் களை. மாமிக்கு அதில் பாதி பகல் சாப்பாடு. கிணற்றடியில் படர்ந்திருக்கும் பொன்னாங்காணி, அதன் ஓரத்தில் வல்லாரை, வேலியில் ஏறிய முடக்கொத்தான், சளிக்கு வைத்திருக்கும் தூதுவளை எல்லாம் உங்கள் செம்புக் கருவியின் பளபளப்பில் ஒரே பச்சையாகத்தான் தெரியும்.

கொத்தி முடித்து, குவித்து, வியர்வையைத் துடைத்துக்கொண்டு நிற்கும்போது குசினிக் கதவடியில் குரல் கேட்கும். மாமி உங்களிடம் நேராகப் பேசமாட்டார். அது மரியாதை. மகளிடம் பேசுவார்.

"இஞ்ச வாகா. ஒன்ட மாப்பிள்ளட்டக் கேளு, கிணத்தடிப் பொன்னாங்காணி அவருக்கு என்ன செஞ்ச?"

"களையெண்டு நெனச்சிட்டாரும்மா."

"களையெண்டா நாளைக்குப் பாற்சொதிக்கு என்னத்தப் போடுற? அந்தச் செம்ப அவிச்சுக் குடுக்கவா?"

இதற்குப் பதில் சொல்லும் முறை இந்த வழிகாட்டியில் இல்லை. தொழுகைக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்புவது வழக்கம்.

படி 5: காலம் பார்த்து இறங்குங்கள்

கச்சான் வீசும் மாதங்களில் மண் பொருக்குத் தட்டிக் கிடக்கும். செம்பு முனை அதில் மடங்கும். அந்தக் காற்றைக் குறைவாகவும் எடைபோட வேண்டாம். தென்மேற்குப் பருவக்காற்று மலைக்கு அந்தப் பக்கம் மழையைக் கொட்டிவிட்டு, வெறும் சூடாக நம் பக்கம் இறங்குவதுதான் கச்சான். மலையகத்தின் தெற்குச் சரிவில், பலாங்கொடைக்குக் கிட்ட சமனலவெவப் பகுதியில், ஆயிரம் வருடத்துக்கு முந்திய மக்கள் இதே பருவக்காற்றைத் துருத்தியாக வைத்து இரும்பு உருக்கியிருக்கிறார்கள். அந்த உலைகளைத் தோண்டி, அதே மாதிரி உலை கட்டி, காற்றில் எரித்தும் காட்டிய தொல்லியலாளர் ஜில் ஜூலெஃப் 1996இல் அதை எழுதினார். இரும்பு காய்ச்சப் பயன்பட்ட காற்றில் நின்றுகொண்டு செம்பின் பெருமை பேசுவது கொஞ்சம் நன்றிகெட்ட வேலைதான்.

மாரியில் வேறு பிரச்சினை. கார்த்திகை, மார்கழி மழையில் மணல் இளகிப்போய், இரண்டு விரலால் பிடித்து இழுத்தாலே புல்லு வேரோடு வரும். கருவியே தேவையில்லை. இந்த விஷயம் அண்டை அயலுக்குத் தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 6: கோரையோடு போர் தொடுங்கள்

கருவியின் உண்மையான பரீட்சை கோரைப் புல்லில். 1977இல் களை ஆய்வாளர் ஹோமும் அவருடைய சகாக்களும் உலகத்தின் மிக மோசமான களைகளைப் பட்டியல் போட்டு ஒரு புத்தகம் வெளியிட்டபோது முதலிடம் கோரைக்குத்தான் கிடைத்தது. குந்தியிருந்து ஒரு செடியை மெதுவாகத் தோண்டிப் பாருங்கள். மேலே மூன்று பட்டையான தண்டு. கீழே, மஞ்சாடி விதையைவிடக் கொஞ்சம் பெரிதாக, கருமண்ணிறக் கிழங்கு ஒன்று. அதிலிருந்து நூல் மாதிரி ஒரு வேர்த்தண்டு பக்கவாட்டில் ஓடும். அரைச் சாண் தள்ளி அடுத்த கிழங்கு. அங்கிருந்து இன்னொன்று. கிழங்கை நகத்தால் கீறி மணந்தால் நாட்டு மருந்துக்கடை வாசம் அடிக்கும்.

இந்தச் சங்கிலி அறுபடாமல் இருக்கும் வரை நுனிக் கிழங்கு முளைத்து, மற்றவை பெரும்பாலும் உறங்கும். நீங்கள் கருவியை ஓங்கிப் போட்டுச் சங்கிலியை அறுத்ததும், உறங்கிய கிழங்குகளுக்கெல்லாம் தனித்தனியாக விழிப்பு வரும். ஒன்று இருந்த இடத்தில் ஐந்து நிற்கும். இதில் செம்பு, இரும்பு, வெள்ளி என்ற பேதம் கோரைக்குக் கிடையாது. இரண்டாம் வாரம் வளவைப் பார்க்க வருகிறவர்களிடம், மண்ணுக்கு உயிர் திரும்பிவிட்டது என்று சொல்லுங்கள். பொய்யில்லை.

படி 7: கூர் தீட்டி, மினுக்குங்கள்

செம்பு, வெண்கல முனையைச் சுத்தியலால் மெல்லத் தட்டித் தட்டிக் கூராக்க வேண்டும். குளிர்ந்த நிலையில் தட்டத் தட்ட உலோகம் இறுகும். அது மெய்யான கைத்தொழில் நுட்பம். அதிகம் தட்டினால் வெடிக்கும், அதுவும் மெய்தான். சுவரோடு சுவர் ஒட்டிய கல்முனைக்குடி ஒழுங்கைகளில் அசர் தொழுதுவிட்டுத் தட்டத் தொடங்கினால், மஹரிபுக்குள் மூன்று வீட்டுக்காரர் விசாரிக்க வந்துவிடுவார்கள்.

கடற்காற்றில் செம்பு துருப்பிடிக்காது. பச்சைக் களிம்புதான் பிடிக்கும். பழப்புளியால் தேய்த்தால் போகும். புளிப் போத்தலை எடுக்கும்போது மாமி பார்த்துவிட்டால், ஈயம் பூசாத செம்பில் புளியாணம் காய்ச்சக்கூடாது என்று அவருடைய உம்மா சொன்ன பாடம் ஒன்றைக் கேட்க நேரிடும். கேளுங்கள். செம்பு பற்றி இந்த வீட்டில் உங்களைவிட அதிகம் தெரிந்தவர் அவர்தான்.

படி 8: நத்தையை நம்பாதீர்கள்

செம்பு பட்ட மண்ணுக்கு நத்தை வராது என்று வீடியோவில் சொல்லியிருப்பார்கள். 2018இல் இங்கிலாந்தின் அரச தோட்டக்கலைச் சங்கம் 108 சலாதுக் கன்றுகளை வைத்து, சுற்றிலும் செம்புப் பட்டி, முட்டைக்கோது, மரப்பட்டை, கல்லுப்பொடி, கம்பளி உருண்டை என்று வீட்டு வைத்தியம் ஐந்தையும் போட்டுப் பார்த்தது. ஒன்றும் போடாத கன்றுக்கும் இவற்றுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. இத்தனைக்கும் அங்கே செம்பு கன்றைச் சுற்றிக் கிடந்தது. உங்கள் செம்போ ஒரு நிமிடம் மண்ணைத் தொட்டுவிட்டுக் கொட்டிலுக்குப் போய்விடும். 1900ஆம் ஆண்டளவில் இந்தத் தீவுக்கு வந்து சேர்ந்த ஆபிரிக்க நத்தை அதைவிடப் பெரிய தடைகளையெல்லாம் தாண்டியிருக்கிறது. இரவில் டோர்ச் பிடித்து, கையுறை போட்டுப் பொறுக்குவதே வழி.

படி 9: கள்வரிடமிருந்து காப்பாற்றுங்கள்

"பழைய இரும்பு, பித்தளை, செம்பு, அலுமினியம்" என்று ஒலிபெருக்கி கட்டிய வண்டி ஒழுங்கைக்குள் நுழைந்ததும் கருவியைத் தலையணைக்கு அடியில் வையுங்கள். தொலைபேசிக் கம்பியையே அறுத்துப்போகிற நாட்டில் மூன்று கிலோ செம்பு வளவில் கிடப்பது அழைப்பிதழ். இரும்பு மண்வெட்டியை மழையிலும் வெளியே விடலாம். யாரும் எடுக்கமாட்டார்கள், அயல்வீட்டு மச்சானைத் தவிர.

படி 10: நாட்டையே மாற்ற முயலுங்கள்

வளவில் வெற்றி கண்டவர்கள் அடுத்து நாட்டின் மீது கை வைக்கலாம். முன்னுதாரணம் இருக்கிறது. 2021 மே 6ஆம் திகதி வர்த்தமானி ஒன்றின் மூலம் இரசாயனப் பசளையும் பூச்சிநாசினியும் களைநாசினியும் இறக்குமதி செய்வது தடுக்கப்பட்டது. அன்று தேநீருக்கு உட்காரும்போது இரசாயன விவசாயியாக இருந்தவர் எழும்பும்போது இயற்கை விவசாயி. செம்பு மண்வெட்டிக்காரருக்குக்கூடக் கருவி வந்துசேர இரண்டு கிழமை ஆகும்.

அம்பாறை மாவட்டத்து வட்டைகளில் அந்தப் பெரும்போகம் எப்படிப் போனது என்று வேளாண்மை செய்தவரிடம் கேளுங்கள். இங்கே பெரும்பாலும் விதைப்பு, நடுகை இல்லை. வரிசை இல்லாத வயலில் உருளைக் களைகருவி ஓடாது. கையால்தான் பிடுங்க வேண்டும். அதுவும் லேசில்லை. கோழிச்சூடன் இளசில் நெல்லைப் போலவே நிற்கும். இலையும் தண்டும் சேரும் மூட்டில் இலையை மெதுவாக விரித்துப் பார்த்தால் நெல்லுக்கு வெள்ளைச் சவ்வாக ஒரு நாக்கு இருக்கும். கோழிச்சூடனுக்கு அந்த இடம் மொட்டை. களை பிடுங்க வரும் பெண்கள் சேற்றில் குனிந்தபடியே, இலையை விரிக்காமலே, நிறத்திலும் தொடுகையிலும் பிரித்துவிடுவார்கள். பன்றி நெல் இன்னும் மோசம். கதிர் வரும் வரை அதை நெல்லிலிருந்து பிரிப்பது பாடு. களைநாசினியை நிறுத்துகிறவர், எத்தனை பெண்கள், எத்தனை நாள், என்ன கூலிக்குக் குனிய வேண்டும் என்று கணக்குப் போட்டிருக்க வேண்டும். வர்த்தமானியில் அந்தக் கணக்கு இருக்கவில்லை.

கணக்குக்குப் பதிலாகக் கப்பல் வந்தது. ஹிப்போ ஸ்பிரிட் என்ற கப்பல் சீனாவிலிருந்து 20,000 தொன் சேதனப் பசளையோடு வர, மாதிரியில் தீங்கான பக்டீரியா இருக்கிறதென்று இறக்கவிடாமல் தடுத்தார்கள். பசளை கரைக்கு வரவில்லை, ஆனாலும் 60 இலட்சம் டொலருக்கு மேல் காசு கரையை விட்டுப் போனது. நவம்பரில் தடையைத் தளர்த்தினார்கள். அடுத்த ஆண்டு ஜூலையில் ஜனாதிபதியே நாட்டைவிட்டுப் போனார். இயற்கை விவசாயம் பிழை என்பதல்ல பாடம். குனிகிற முதுகைக் கணக்கில் எடுக்காத எந்த விவசாயமும், வர்த்தமானியில் வந்தாலும் செம்பில் வந்தாலும், ஒரே இடத்தில்தான் முறியும்.

வாசகர் கேள்விகள்

கேள்வி: செம்புக்கு விவசாயத்தில் வேலையே இல்லையா?

பதில்: இருக்கிறது, மருந்தாக. 1869இல் இலங்கையின் காப்பித் தோட்டங்களில் இலைத்துரு நோய் கண்டது. அதை ஆராய மார்ஷல் வார்ட் 1880இல் இங்கே வந்து, அது பூஞ்சணத்தின் வேலை என்று காட்டினார். மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த போர்தோக் கலவையை பிரான்சில் மில்லார்தே 1885இல் அறிவித்தார். அதற்குள் காப்பி போய்த் தேயிலை வந்துகொண்டிருந்தது. இயற்கை விவசாயத்தில் இன்றும் செம்பு மருந்துக்கு அனுமதி உண்டு. ஆனால் செம்பு மண்ணில் தங்கிச் சேர்ந்து மண்புழுவைக் கெடுக்கும் என்பதால், ஐரோப்பிய ஒன்றியம் ஏழு வருடத்துக்கு ஹெக்டயருக்கு 28 கிலோ என்று வரம்பு வைத்திருக்கிறது. மண்வெட்டியிலிருந்து தேய்ந்து விழும் செம்பு அதில் தூசு. நன்மையும் தூசு, தீமையும் தூசு.

கேள்வி: அப்படியென்றால் கோரையை எப்படித்தான் ஒழிப்பது?

பதில்: ஒழிக்க முடியாது, களைக்க வைக்கலாம். மூன்று கிழமைக்கு ஒருமுறை, புதுக் கிழங்கு வைக்க முன், தளிரை வெட்டிக்கொண்டே இருங்கள். கிழங்கில் உள்ள சேமிப்புத் தீரத் தீரச் செடி மெலியும். மற்றப் புல்லுக்குத் தென்னோலையும் பொச்சுமட்டையும் தடிப்பாகப் பரப்பினால் போதும். வெளிச்சம் கிடைக்காத விதை முளைக்காது, மணலில் ஈரமும் நிற்கும். பூக்க முன் பிடுங்குவது, மழை விட்ட மறுநாள் பிடுங்குவது, இரண்டையும் மாமி முப்பது வருடமாக முனை மழுங்கிய கத்தி ஒன்றால் செய்துவருகிறார்.

கேள்வி: கடற்கரை ஊரில் இரும்பு துருப்பிடிக்குமே?

பதில்: பிடிக்கும். வெண்கலத்துக்குச் சொல்லக்கூடிய நேர்மையான நியாயம் இது ஒன்றுதான். உப்புக் காற்றுக்கு அது அசையாது. இரும்பைக் கழுவித் துடைத்துத் தேங்காயெண்ணெய்த் துணியால் ஒருமுறை தடவினால் அதுவும் நிற்கும். தினமும் மணலில் போகிற மண்வெட்டியின் வாய் தானாகவே வெள்ளையாக இருக்கும். துரு தேடிப்போவது கொட்டிலில் சாத்திய மண்வெட்டியைத்தான்.

கேள்வி: காசு கொடுத்து வாங்கிவிட்டேன். இனி என்ன செய்வது?

பதில்: பாவியுங்கள். இளகிய மணலில் அது இரும்பைப் போலவே வேலை செய்யும். ஒரு நாளைக்குக் கால் மணித்தியாலம் குந்தியிருந்தால் ஒரு மாரிக்குள் வளவு திருந்திவிடும், பெருமையைச் செம்புக்கே கொடுத்துக்கொள்ளுங்கள். மாமிக்கு மட்டும் இரவல் கொடுத்துவிடாதீர்கள். அவர் அதைத் திருப்பித் தரமாட்டார். அதையும் தாங்கலாம். அதை வைத்து ஒரு காலையில் முழு வளவையும் துப்பரவாக்கிக் காட்டிவிட்டு, "பரவால்ல, கத்தி மாதிரித்தான் கிடக்கு" என்று மகளிடம் சொல்வார் பாருங்கள், அதுதான் தாங்காது.